வராதவர்களின் பாடு

வராதவர்களின் பாடு வருகிற அன்று எங்கள் குப்பத்தில் ஒருவரும் ஏரியில் இறங்க மாட்டார்கள். தோணிகள் மணலில் கவிழ்ந்து கிடக்கும். பெண்கள் தண்ணீருக்கு முதுகு காட்டி உட்கார்ந்து கருவாடு புரட்டுவார்கள். நடுப்பகலில், காற்று விழுந்து ஏரி அசையாமல் கிடக்கிற நேரத்தில், ஈரவலையைத் தூக்கித் தோணிக்குள் போடுகிற சத்தம் கேட்கும். தொப்பென்று ஒரு முறை. கொஞ்சம் பொறுத்து இன்னொரு முறை. அப்போது யாரும் யார் முகத்தையும் பார்க்க மாட்டார்கள்.

பாடு என்றால் முறை. ஏரி கடலோடு சேருகிற வாய்க்குப் பக்கத்தில் நல்ல மீன் கிடைக்கிற இடம் கொஞ்சம்தான். எல்லோரும் ஒரே நாளில் வலை கட்டினால் மண்டைதான் உடையும். அதனால் இன்றைக்கு உனக்கு, நாளைக்கு எனக்கு என்று வைத்துக்கொண்டார்கள். ஊர்க்கூட்டம் ஏற்றுக்கொண்ட ஒவ்வொரு ஆணும் சேற்றில் வளர்கிற கண்டல் மரத்தில் ஒரு கழி சீவி, அதில் தன் அடையாளத்தை வெட்டி, ஏரியில் நடுவான். அவன் முறை வரும் நாளில் அவன் கழியில் வலை கட்டுவான். கழி நிற்கிறவரை அவனுக்குப் பாடு உண்டு. கழியைப் பிடுங்கினால் அவன் ஊரில் இருந்தும் இல்லாதவன்.

உலாந்தாக்காரர்கள், அதாவது டச்சுக்காரர்கள், எதிர்க்கரையில் கோட்டை கட்டிக் குடியிருந்த காலம் அது. ஈழத்தில் அவர்களுக்கும் போர்த்துகீசியப் பறங்கியருக்கும் சண்டை மூண்டது. கப்பலிலிருந்து ஆளையும் பீரங்கியையும் கரை சேர்க்க, அலையும் ஆழமும் தெரிந்தவர்கள் வேண்டியிருந்தது. அந்த வருஷம் ஏரி வாய் மணல் தூர்ந்து அடைபட்டு, இறாலுக்கே பஞ்சம். சோறு கிடைக்கும் என்றதும் எங்கள் பையன்கள் கிளம்பினார்கள். போன இடத்தில் துடுப்போடு துப்பாக்கியும் கைக்கு வந்தது.

கிளம்பிய அன்று கரையில் நின்று அவர்களுக்கு வாக்குக் கொடுத்தவர் வேதாசலம். ஊர்க்கூட்டத்தில் சட்டம் சொல்கிற பெரியவர்களில் ஒருவர். எதையும் யோசித்து, அளந்து பேசுகிற மனிதர். அவர் சொன்னால் அது சட்டம்.

"நீங்க வர்ற வரைக்கும் உங்க கழி நிக்கும். ஒருத்தனும் தொடமாட்டான். செத்தத கண்ணால கண்டவன் வந்து சொன்னாத்தான் பிடுங்குவோம். இது ஊர் வாக்கு" என்றார்.

அந்தக் கூட்டத்தில் அவருடைய ஒரே மகன் தெய்வசிகாமணியும் இருந்தான். அம்மா கொடுத்த அவல் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, "நைனா, என் கழி மேல காக்கா உக்காராம பாத்துக்க" என்று சிரித்துக்கொண்டே தோணி ஏறினான்.

சண்டை முடிய வருஷக்கணக்காயிற்று. போனவர்களில் பாதிப்பேர் வந்தார்கள். வந்தவர்களில் முழு உடம்போடு வந்தவர்கள் சொற்பம். சந்தியாகுவின் கண்களை வெடிமருந்துப்பொடி தின்றிருந்தது. ஒருவனுக்குக் கை இல்லை. பச்சைமுத்துவுக்கு முழங்காலுக்குக் கீழே குண்டு புகுந்த இடம் ஆறவே இல்லை.

இந்த இடத்தில் கோட்டையைத் திட்டிக் கதையை முடித்துவிடலாம். சுலபமான காரியம், கேட்கிறவர்களுக்கும் திருப்தியாக இருக்கும். எனக்கு அதில் இஷ்டமில்லை. அவர்களுடைய கழிகளைப் பிடுங்கியது கோட்டை இல்லை, நாங்கள்.

ஏனென்றால் எங்களிடம் இன்னொரு சட்டமும் இருந்தது. தண்ணீரில் கால் வைக்காதவனுக்குப் பாடு கிடையாது. அதைக் கட்டியவரும் வேதாசலம்தான், தன் இளவயதில். அப்போது பட்டணத்து வியாபாரிகள் ஏழைகளின் முறையை வாங்கிக்கொண்டு, கரையில் குடைபிடித்து உட்கார்ந்து மீனை அள்ளிப்போனார்கள். அவர்களை விரட்டிய சட்டம் அது. நல்ல சட்டம். அந்த நல்ல சட்டம்தான் இப்போது கால் ஊன்ற முடியாதவன்மேலும் கண் இல்லாதவன்மேலும் விழுந்தது. பச்சைமுத்து திரும்பி வந்தான், அவன் கழி போயிற்று. சிகாமணி திரும்பி வரவில்லை, அவன் கழி நின்றது.

வராதவர்களின் கழிகள் ஏரியில் வரிசையாக நின்றன. மற்ற கழிகளில் நீர்க்காகம் உட்கார்ந்து சிறகு உலர்த்தும். இந்தக் கழிகளில் உட்காராது. தாழப் பறந்து வந்து, கிட்டே வந்ததும் விலகிப் போய்விடும். இதைப் பார்க்காத ஆள் எங்கள் ஊரில் இல்லை.

வந்தவர்களை ஊருக்கு வெளியே, பழைய உப்புக்கொட்டாயில் வைத்திருந்தார்கள். புண் நாற்றம் ஒரு காரணம். வாய்விட்டுச் சொல்லாத காரணம் வேறு. அவர்கள் தனியாக வரவில்லை, கூட ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். அதற்குத் தக்க மாதிரிதான் அவர்கள் நடந்துகொண்டார்கள். கொட்டாயில் இடம் நெருக்கடி. ஆனாலும் ஒருவனுக்கும் அடுத்தவனுக்கும் நடுவே ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டுத்தான் உட்காருவார்கள். உறவுக்காரர்கள் அனுப்புகிற கூழைப் பங்கு வைத்தால், இருக்கிற ஆட்களைவிடப் பங்கு அதிகமாக இருக்கும். மீந்த பங்கைக் கொண்டுபோய்த் தண்ணீர் ஓரத்தில் ஊற்றிவிட்டு வருவார்கள். தங்கள் வயிறு ஒட்டிக்கிடக்கும்போது அப்படி ஊற்றுகிறவர்களை என்னவென்று சொல்வது?

வேதாசலம் முதலில் அந்தப் பக்கம் போகாமல்தான் இருந்தார். போனால் மகனைப் பற்றிக் கேட்க வேண்டும். ஒரு முறை கேட்டார். "பாக்கல பெரிப்பா" என்றான் பச்சைமுத்து. சிகாமணியின் கூடவே திரிந்தவன் அவன். அதற்குமேல் கேட்கப் பெரியவருக்குத் தைரியம் வரவில்லை.

அந்த ஆனியில் பச்சைமுத்துவின் அம்மா ஜெயம்மா அவர் வீட்டு வாசலில் வந்து நின்றாள். அழவில்லை. "புண்ணுல புழு வெச்சிருக்குது. நான் குச்சியால எடுக்கறேன். இன்னிக்கு எடுத்தா நாளைக்கு மறுபடியும் வருது. நீ சட்டம் சொல்றவன்தான? இதுக்கு ஒரு சட்டம் சொல்லு" என்றாள்.

வேதாசலம் பொன்னேரிக்குத் தோணியும் நடையுமாகப் போய் ஒரு ரணவைத்தியரைக் கூட்டிவந்தார். வைத்தியர் மூக்கில் துணி கட்டிக்கொண்டு கொட்டாயில் எல்லாரையும் பார்த்தார். மழைக்கு முன்னால் வைத்தியம் தொடங்கினால் பச்சைமுத்து பிழைப்பான், ஐப்பசி ஈரம் ஏறிவிட்டால் கஷ்டம் என்றார். தினமும் கழுவிக் கட்ட வேண்டும். எண்ணெய் காய்ச்ச வேண்டும். எல்லாவற்றையும்விட, இவர்கள் வயிறு நிறையச் சாப்பிட வேண்டும்.

"நான் இங்கயே தங்கிப் பாக்கறேன். எனக்கும் சோறு போடணும், மருந்துக்கும் வழி பண்ணணும். ஒருநா ரெண்டுநா தருமத்துல இது ஆவாது" என்றார் வைத்தியர்.

அன்று மாலை வேதாசலம் கரையில் நின்று வராதவர்களின் கழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் வலை கட்டாத நாட்களில் அந்த இடத்தில் இறால் கொழுத்துக் கிடந்தது. செத்தவர்களுக்கு ஏரி, பிழைத்தவர்களுக்குப் புழு. தான் கட்டிய இரண்டு சட்டங்களும் சேர்ந்து இதைத்தான் செய்திருக்கின்றன என்று நினைத்தபோது அவருக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

வலை உலர்த்தும் மணலில் கூட்டம் கூடியது. கொட்டாய்க்காரர்களையும் தூக்கிவந்து உட்காரவைத்திருந்தார்கள். வேதாசலம் எழுந்து பேசினார். போரில் உடம்பு போனவனுக்கு ஊர் ஒழுகாத கொட்டாய் போட வேண்டும், வைத்தியம் பார்க்க வேண்டும், சோறு போட வேண்டும். அதற்கு வழி, செத்தவர்களின் கழியைப் பிடுங்கிவிட்டு அந்தப் பாட்டை இவர்களுக்கு விடுவது. தண்ணீரில் கால் வைக்க முடியாதவனுக்காக வேறொருவன் இறங்கலாம். "நான் கட்டின சட்டத்த நானே அவுக்கறேன்" என்றார்.

ஊர்த்தலைவர் சுப்பராயலு கெட்டவர் இல்லை. அவருடைய தம்பியும் வராதவர்களில் ஒருவன். "செத்தத கண்டவன் சொன்னாத்தான் கழிய பிடுங்கலாம்னு நீதான் வாக்குக் குடுத்த. கண்டவன் யாரு? இவங்கதான கூட இருந்தவங்க. கேளு" என்றார்.

வேதாசலம் ஒவ்வொருவனாகக் கேட்டார். கை இல்லாதவன், "பாக்கல" என்றான். சந்தியாகு, "எனக்குத்தான் கண்ணில்லையே" என்றான். கண் போவதற்கு முன்னால் பார்த்ததைக் கேட்கிறேன் என்றதும், "அப்பவும் பாக்கல" என்றான். பச்சைமுத்து புண்ணில் உட்கார்ந்த ஈயைக்கூட ஓட்டாமல், தரையைப் பார்த்தபடி, "நான் ஒருத்தன் செத்தும் பாக்கல பெரிப்பா" என்றான்.

கூட்டம் சலசலத்தது. இத்தனை வருஷச் சண்டையில் ஒரு சாவைக்கூட ஒருவனும் பார்க்கவில்லையா? வேதாசலத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"உங்களுக்குத்தான்டா பேசறேன்! ஒரு வார்த்த சொன்னா நீங்க பொழப்பீங்க. வாய தெறந்தா இன்னாடா?"

பதில் பின்வரிசை ஊர்க்காரன் ஒருவனிடமிருந்து வந்தது. "மொதல்ல உன் மவன் கழிய பிடுங்கு. அப்பறம் எங்க வூட்டுக் கழிக்கு வா."

வேதாசலம் உட்கார்ந்துவிட்டார். கூட்டம் கலைந்தது.

வீட்டில் காசியம்மாள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். சிகாமணி போன நாளிலிருந்து ஒவ்வொரு சாயங்காலமும் அவனுடைய வெண்கல வட்டிலில் சோறு போட்டு மூடி வைப்பாள். காலையில் அதை எடுத்துத் தண்ணீர் ஊற்றித் தானே குடிப்பாள். ஒரு நாள் தவறியதில்லை. புருஷனைப் பார்க்காமலே சொன்னாள்:

"கூட்டத்துல நீ பேசினதெல்லாம் கேள்விப்பட்டேன். நீ ஊருக்கு இன்னா சட்டம் வேணா சொல்லு. அவன் கழிய தொட்டின்னா இந்த வூட்ல நான் இருக்கமாட்டேன்."

"பச்சமுத்து சாவறான் காசி."

"சாவக்கூடாதுதான். அந்தப் புள்ள இந்த வூட்ல எத்தினி நாளு சாப்ட்டிருக்கும். அதுக்காக என் புள்ளய சாகடிக்கச் சொல்றியா? யாரும் அவன் செத்து பாக்கலயே. கேட்டல்ல நீயே?"

அவள் சொல்வதில் சட்டப்படி ஒரு தப்பும் இல்லை. அதுதான் கொடுமை.

மறுநாள் வேதாசலம் கொட்டாய்க்குப் போனார். பச்சைமுத்துவுக்குச் சுரம். கண்ணை மூடிக்கொண்டு, வாசலில் நிற்கிற யாரையோ உள்ளே வந்து உட்காரச் சொல்லிக்கொண்டிருந்தான். சந்தியாகு தலையைச் சாய்த்துக் காது கொடுத்தான்.

"பெரிப்பாவா? கூட யாரு?"

"யாரும் இல்ல. நான் மட்டும்தான்."

"சரி, சரி" என்றான் சந்தியாகு, குழந்தையைச் சமாதானம் செய்கிற குரலில். கொஞ்சம் நகர்ந்து, இரண்டு பேர் உட்கார இடம் விட்டான்.

வேதாசலம் உட்கார்ந்தார். பக்கத்தில் விட்ட இடத்தைப் பார்க்கவில்லை. ஆனால் அந்தப் பக்கத்துத் தோள் சில்லென்று இருந்ததை அவர் மறுக்க மாட்டார். அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் அவருக்கு அது தோன்றியது. கழியை எதற்குப் பிடுங்க வேண்டும்? கழி நிற்கட்டும். சிகாமணியின் பாடு சிகாமணியுடையதாகவே இருக்கட்டும். அவன் பேரில் வலை கட்டி, வருகிற மீனை அவனோடு கிடந்தவர்களுக்குக் கொடுத்தால் என்ன? கூழில் அவர்கள் அவனுக்குப் பங்கு வைக்கிறார்கள். மீனில் அவன் அவர்களுக்குப் பங்கு வைக்கக் கூடாதா?

இரண்டாவது கூட்டத்தில் இதைச் சொன்னபோது சுப்பராயலு கழிகள் நிற்கிற பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "உடையவன் சம்மதம் வேணும். அவன் கழில இன்னொருத்தன் வல கட்டினா அது திருட்டு. உயிரோட இருக்கறவன் கிட்டயே திருடறது பாவம். இது..." என்று நிறுத்திக்கொண்டார்.

"நான் போய்க் கேக்கறேன்" என்றார் வேதாசலம்.

மணலில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் மேலே சொன்னார்:

"நாளைக்கு அவன் பாடு. நானே எறங்கி, நானே வல கட்றேன். எனக்கு எதுனா ஆச்சுன்னா இந்தப் பேச்ச இதோட விட்ருங்க. அவன் வேணான்னா வேணாம். சரின்னா, இது எல்லாக் கழிக்கும் சட்டம்."

கட்டுவலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவன் தண்ணீரில் நின்று கட்ட, ஒருவன் தோணியில் இருந்து வலையை விட வேண்டும். வராதவன் பாட்டுக்கு யார் வருவான்? "நான் வரேன்" என்றான் பச்சைமுத்து, கொட்டாய்க்காரர்களோடு கிடந்த இடத்திலிருந்தே. ஜெயம்மா அவன் வாயைப் பொத்தப் போனாள். அவன் கையை விலக்கிவிட்டான்.

மறுநாள் நடுப்பகல், நீர் வற்றத் தொடங்கிய நேரம். ஊர் முழுக்கக் கரையில் நின்றது. எல்லோரும் தண்ணீரைப் பார்த்து நின்றார்கள், வராதவர் பாட்டு நாளில் முதல் தடவையாக. காசியம்மாள் வரவில்லை. வேதாசலம் தோணியைத் தள்ளிக்கொண்டு போனார். பச்சைமுத்து வலைக்குவியல்மேல் சாய்ந்து உட்கார்ந்து, கட்டுப்போட்ட காலைப் பலகைக்கு வெளியே தொங்கவிட்டிருந்தான். பாதம் தண்ணீரில் பட்டுக்கொண்டே வந்தது. உப்பு எரிந்திருக்கும். அவன் காலை எடுக்கவில்லை. எந்தச் சட்டம் அவன் கழியைப் பிடுங்கியதோ அந்தச் சட்டத்துக்கு அவன் பதில் சொல்லிக்கொண்டிருந்தான்.

கழி கறுத்து நின்றது. சிகாமணி வெட்டிய அடையாளத்தில் பாசி இல்லை, சிப்பி இல்லை, நேற்று வெட்டிய மாதிரி இருந்தது. கழுத்தில் மக்கிப்போன கயிற்றின் மிச்சம் ஒரு முடிச்சாக ஒட்டிக்கொண்டிருந்தது. இடக்கை முடிச்சு. அவன் இடக்கைக்காரன். எத்தனை அடித்துச் சொல்லிக்கொடுத்தும் முடிச்சை மறுபக்கமாகத்தான் போடுவான். வேதாசலம் அதன்மேல் விரலை வைத்தார்.

"சிகாமணி" என்றார், மெல்ல. "நைனாடா. கட்டிக்கறேன்."

காற்று இல்லை. வலைக்கயிற்றைக் கழியில் சுற்றி முடிச்சுப் போட்டார். அறுபது வயசுக் கை, பழகிய வலக்கை முடிச்சு. இழுத்துப் பார்த்தார். பிறகு மற்ற முனையை எடுத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில், மறுமுனைக்கென்று ஊர்ப்பொதுவில் நட்ட எதிர்க்கழிக்குப் போய் அதையும் கட்டினார். பச்சைமுத்து தோணியை அங்கே கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தினான். நீர் கடலைப் பார்த்து ஓட, வலை மெதுவாக வயிறு நிறைந்தது. இருவரும் காத்திருந்தார்கள்.

கரை தூரத்தில் இருந்தது. இங்கே பேசினால் அங்கே கேட்காது.

"பெரிப்பா" என்றான் பச்சைமுத்து. "கரைல வெச்சு சொல்லமாட்டேன். இங்க சொல்லலாம்னு நெனைக்கறேன். அவன் கழிகிட்டதான கீறோம்."

வேதாசலம் திரும்பவில்லை.

"அங்க எங்க எல்லாருக்குள்ளயும் ஒரு பேச்சு. எவன் செத்தாலும் கூட இருந்தவன் கண்டேன்னு சொல்லக்கூடாது. கண்டேன்னு சொன்னா கழிய பிடுங்கிடுவீங்க. ராத்திரி குளுருல கெடந்து ஒருத்தன ஒருத்தன் சத்தியம் வாங்கிக்குவோம். கழி நிக்கும்னு கரைல நின்னு நீ சொன்னல்ல, அந்த ஒரு வார்த்தய புடிச்சுக்கினுதான் ஒவ்வொருத்தனும் கண்ண மூடினான். எங்களுக்குப் பாடு வேணும்னு அவங்க கழிய நாங்க எப்டி பிடுங்குவோம்?"

"சிகாமணி?"

"என் மடிலதான். இங்கேந்து போயி ரெண்டாம் வருஷம். வயித்துல பட்டுச்சு. ரொம்ப நேரம் இல்ல." பச்சைமுத்து அழுதுகொண்டிருந்தான். "கடசில சிரிச்சான் பெரிப்பா. காக்கா உக்காராம நைனா பாத்துக்கும்னான்."

தான் பேசிய ஒரு வார்த்தை கடல் தாண்டிப்போய் இத்தனை பேர் சாவுக்குத் தலைமாட்டில் நின்றிருக்கிறது என்பது அப்போதுதான் வேதாசலத்துக்குத் தெரிந்தது. அந்த வார்த்தைதான் இங்கே இவர்களைப் பட்டினியும் போட்டது. அவர் இடுப்பளவு தண்ணீரில் நின்று வாய்விட்டு அழுதார். அவர் அழுத சத்தம் கரைவரை கேட்டது. மகனைக் கண்டுவிட்டார் என்று பெண்கள் குலவையா ஒப்பாரியா என்று தெரியாமல் ஒரு சத்தம் எழுப்பினார்கள்.

நீர் ஓட்டம் தளர்ந்ததும் வலையைத் தூக்கினார்கள். கனம் தாங்கவில்லை. ஒரு கிழவனும் ஒரு நோயாளியும் தூக்குகிற கனம் இல்லை அது. பாதியில் கை விட்டுப்போகும் என்று வேதாசலம் பல்லைக் கடித்தபோது, வலை அந்தப்பக்கம் சட்டென்று லேசானது. யாரோ கை கொடுத்த மாதிரி. வெள்ளையாக இறால் துள்ளிக்கொண்டு தோணிக்குள் விழுந்தது. தொப்பென்று ஒரு சத்தம். கரைக்காரர்களுக்குப் பழக்கமான சத்தம்.

கடைசியில் வேதாசலம் முடிச்சை அவிழ்க்கச் சிகாமணியின் கழிக்குப் போனார். கயிற்றைத் தொட்டவர் அப்படியே நின்றுவிட்டார். தான் போட்ட முடிச்சு மறுபக்கமாக இருந்தது. பச்சைமுத்து தோணியை விட்டு இறங்கவில்லை. அழுதுகொண்டே பேசிய வேகத்தில் மகனின் முடிச்சைத் தன் கையே போட்டுவிட்டதோ என்று யோசித்தார். இல்லை, முதலில் கட்டியது இது. பேச்சு பிறகுதான். அவர் அதை அவிழ்க்கவில்லை. கத்தியால் கயிற்றை அறுத்து, முடிச்சைக் கழியிலேயே விட்டுவிட்டு வந்தார்.

தோணி மணலில் தட்டியதும் சுப்பராயலு முன்னால் வந்தார். தம்பியை நினைத்திருப்பார்.

"இருந்தானா?"

வேதாசலம் ஊரைப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் கண்டவன் சாட்சி வந்தாயிற்று, கழியைப் பிடுங்க வேண்டும். பச்சைமுத்து பொய்யனாவான். அதன்பின் ஒவ்வொரு கழியாகப் பிடுங்கலாம், சட்டம் சுத்தமாக இருக்கும். வாழ்நாள் முழுக்கச் சட்டம் சொன்ன மனிதர். தோணிக்குள் காலைத் தொங்கப்போட்டபடி பச்சைமுத்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இருந்தான்" என்றார்.

"இன்னா சொன்னான்?"

"கழி நிக்கட்டும்னான். மீன் அவங்களுக்குன்னான். அவன் மட்டும் இல்ல, எல்லாருமே அதத்தான் சொல்றாங்களாம்."

சுப்பராயலு தோளில் இருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "என் தம்பியுமா?" என்று கேட்டார். வேதாசலம் தலையசைத்தார். அவ்வளவுதான், அது சட்டமாயிற்று. போரில் உடம்பு போனவனுக்கு வராதவன் பாட்டு மீன். கொட்டாய்க்குப் புது ஓலை. பொன்னேரி வைத்தியருக்குக் குப்பத்தில் குடிசை. உடம்பு முடியாதவனுக்காக அவரவர் பங்காளி தண்ணீரில் இறங்குவது. அன்றைக்கு வந்த இறாலில் ஒன்றைக்கூட யாரும் வீட்டுக்கு எடுத்துப்போகவில்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் வேதாசலம் வீட்டுக்கு வந்தார். வேட்டி காய்ந்து உப்புப் பூத்திருந்தது. காசியம்மாள் வட்டிலில் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். அவளிடம் யாரோ ஓடிவந்து எல்லாவற்றையும் சொல்லியிருந்தார்கள். அவர் உட்கார்ந்தார். அவள் குழம்பை ஊற்றினாள், வட்டிலை மூடவில்லை.

"பாத்தியா அவன?"

"பாத்தேன்."

"எளச்சிருக்கானா?"

இந்தக் கேள்விக்கு வேதாசலம் தயாராக வரவில்லை. ஊருக்குச் சொல்ல வார்த்தை இருந்தது. இவளுக்கு இல்லை. மனசுக்குள் தேடினார். அவல் மூட்டையோடு தோணி ஏறிய பையன்தான் அங்கே நின்றான், வேறு முகம் வரவில்லை.

"இல்ல" என்றார். "போனப்ப எப்டி இருந்தானோ அப்டியேதான் கீறான். மீசகூட அவ்ளோதான்."

காசியம்மாள் கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தாள். போனவன் போய் எத்தனை வருஷம்! அவன் வயசுப் பையன்களுக்கெல்லாம் முன்னந்தலை வழுக்கை விழுந்துவிட்டது. பச்சைமுத்துவுக்கே காதோரம் நரை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். வேதாசலம் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார், கையைப் பிடிக்கத் தைரியம் இல்லாமல்.

பிறகு அவள் எழுந்து, வட்டிலை இரண்டு கையாலும் எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"பச்சமுத்துகிட்ட குடு" என்றாள். "சூடா கீது. ஆறறதுக்குள்ள சாப்டச் சொல்லு."